காசிக்கு வெந்நீர் கொண்டு போனவள்

டூர் மேனேஜர் என்றால் கோயில், குளம், கோபுரம் எல்லாம் அத்துப்படி என்று நினைக்கிறார்கள். உண்மையில் எங்களுக்கு அத்துப்படியானது மனிதர்களின் வயிறு ஒன்றுதான்.

உறவுக்காரர்களை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்குப் பேதி, இன்னொருவருக்கு மூன்று நாளாக ஒன்றுமே போகவில்லை என்ற புகார். நீங்கள் ஒரு நாள் பட்ட அந்தப் பாட்டை நான் வருஷம் முழுக்கச் சம்பளத்துக்குப் பட்டேன். தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டூர் கம்பெனியில் வேலை. வீடு மந்தைவெளி. பெண்கள் யாரும் அந்த வேலைக்கு வராத காலம். பாத்ரூம் சமாசாரத்தை மாமிகள் ஆண்பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். அந்த வேலையில் நான் எப்படிப் பேர் வாங்கினேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளக்கரைக் கூட்டம்

தொண்ணூற்று மூன்று ஆரம்பம். மெட்ராஸ் இன்னும் சென்னையாகவில்லை. ஊரில் காலரா. அதுவும் பழைய காலரா இல்லை, புதுசாக ஒரு தினுசு, வங்காளம் வரைக்கும் போய்விட்டது என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. எங்கள் தை மாசத்துக் காசி டூருக்குப் பேர் கொடுத்திருந்தவர்களில் பாதிப் பேர் போனிலேயே கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்த முப்பது சொச்சம் பேரும் இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் இருப்போமா என்று கேட்கிற வயசுக்காரர்கள். போயே தீருவோம் என்றார்கள். முதலாளி கையைப் பிசைந்தார். வழியில் ஒருவர் படுத்துவிட்டாலும் இந்தத் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார். “என் பொறுப்பு சார்” என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் வாய் அப்படி.

கிளம்புவதற்கு முன்னால் மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துச் சட்டம் போட்டேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாது. நறுக்கி வைத்த பழம் கூடாது. தெருவில் லஸ்ஸி கூடாது. இலையில் கை வைப்பதற்கு முன்னால் சோப்பு. நான் மூச்சு வாங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வைத்தியநாதன் மாமா. மாட வீதிக்காரர், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், நெற்றி நிறைய விபூதி. வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிற தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “ஏம்மா வசந்தா, கங்கையையும் கொதிக்க வெப்பேளோ?”

அடையாறு டாக்டர்

வைத்தியநாதன் மாமாவின் சம்சாரம் சாரதா மாமி. முந்தின வருஷம் கே.கே. நகரில் ஒரு கல்யாணத்தில் குடித்த தண்ணீரில் மஞ்சள் காமாலை வந்து, ஒரு மாசம் படுத்து, எலும்பும் தோலுமாக எழுந்தவர். அவர்கள் பிள்ளை அடையாறில் டாக்டர். அப்பா போனால் போகட்டும், அம்மாவை விட மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மாமி என்னிடம் வந்து, நீ போய்ப் பேசு என்றார். போனேன்.

டாக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “அம்மா லிவர் இன்னும் சரியாகலை. இன்னொரு தடவை தண்ணியால ஏதாவது வந்தா தாங்க மாட்டா. புரியறதா?” என்றார். புரிகிறது என்றேன். அடுப்பு எங்களுடையது, சமையல்காரர் எங்களவர், தண்ணீர் நாங்கள் காய்ச்சியது, மாமி எப்படி ரயில் ஏறுகிறாரோ அப்படியே இறங்குவார் என்றேன். “இறங்கலைன்னா உங்க ஆபீஸ் போர்டை நானே வந்து கழட்டுவேன்” என்றார். சுருக்கென்றது. ஆனாலும் அம்மாவை நினைத்துப் பயப்படுகிற பிள்ளை மேல் எப்படிக் கோபப்படுவது?

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் மாமி நிற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து காசி காசி என்று கேட்டு, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு காரணத்தால் அது தள்ளிப்போகப் பார்த்தவர். இந்த முறை தள்ளினால் உடம்பு இடம் கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் எலும்பாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்: “அவன் பேசினதை மனசுல வெச்சுக்காதே. நீ என்னை அழைச்சுண்டு போ. திருப்பி அழைச்சுண்டு வரதும் உன் சமத்து.”

கூஜா

எங்களிடம் இரண்டு பெரிய எவர்சில்வர் டிரம்கள். குழாய் வைத்தவை. கிளம்புகிற அன்று காலையிலிருந்து அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. டிரம்முக்குக் காவல் ஏழுமலை. சைதாப்பேட்டை ஆற்றோரத்துக்காரன். மூட்டை ஏற்றுவது, இறக்குவது, பந்தி பரிமாறுவது எல்லாம் அவன்தான். ரயிலில் பக்கத்துக் கோச்சிலிருந்து ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கேட்டு வந்தபோது அவன் பார்த்த பார்வையில் அவர் செருப்பை விட்டுவிட்டே திரும்பிப் போய்விட்டார்.

விஜயவாடாவில் வண்டி நின்றது. வைத்தியநாதன் மாமா காலாற நடக்கிறேன் என்று இறங்கி, பிளாட்பாரக் குழாயில் கூஜாவை நிரப்பி, அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு ஏறினார். வெந்நீரில் ருசி செத்துப்போய்விடுகிறது என்பது அவர் கட்சி. ஏழுமலை கூஜாவை வாங்கினான், ஜன்னல் வழியாகக் கவிழ்த்தான், டிரம் தண்ணீரை நிரப்பித் திரும்பக் கையில் கொடுத்தான். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழுமலை கொஞ்சமும் அசரவில்லை: “இன்னா சாமி, அந்தாண்ட உன் புள்ள போர்டைக் கயட்டுவேன்றாரு. இந்தாண்ட நீ கூஜால காலராவப் புட்ச்சிக்கினு வர. நடுவுல எங்க மேடம் இன்னாதான் பண்ணும்?”

சோப்புக்கு மடி உண்டா

எங்கள் மாமிகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவார்கள் என்று எந்த நர்ஸாலும் எண்ண முடியாது. சாதத்தைத் தொட்டால் கழுவுவார்கள், தொடுவதற்கு முன்னாலும் கழுவுவார்கள். ஆனால் எல்லாம் வெறும் தண்ணீரில். சோப்பை நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். யார் யாரோ தொட்ட சோப்பு, மடி என்ன ஆவது? கெஞ்சினேன், கத்தினேன், காலராவைப் பற்றிப் பயமுறுத்தினேன். தி.நகர் பத்மா மாமி என்று ஒருவர், என்னைப் பார்த்ததும் மேல் பெர்த்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் நாலைந்து சோப்புக் கட்டிகளை நூலால் அறுத்து வில்லை வில்லையாக ஆக்கினேன். ஆளுக்கு ஒரு வில்லை, அதைப் போட்டு வைக்க ஒரு துணிப் பை. “இது உங்களுடையது, வேற யாரும் தொடலை, தொடவும் மாட்டாங்க” என்று கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், சோப்பு மடியாகிவிட்டது. மறுநாள் வாஷ்பேசின் முன்னால் க்யூ. இந்த யோசனை என் மண்டையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. முதல் புகாரைக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பத்மா மாமிதான். “இதோ பாரு வசந்தா, எதிர் பெர்த்துக்காரி தன் சோப்பைத் தொலைச்சுட்டு என் சோப்பைக் கேக்கறா. சோப்பு போட்டுக் கை அலம்பாதவ என் சோப்பைத் தொடலாமோ?”

ஒரு சொம்பு புண்ணியம்

காசியில் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். முதல் நாள் கங்கா ஸ்நானம் முடிந்து எல்லோரும் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தார்கள். காய்ச்சின தண்ணீர் டிரம்மில், சூடு ஆறுவதற்காக மூடியை எடுத்துவிட்டு வாயில் வேட்டித் துணி கட்டி வைத்திருந்தோம். ஏழுமலை எல்லா டம்ளரிலும் ஊற்றிவிட்டான். ஆண்கள், இலையைச் சுற்றி நீர் விட்டு ஒரு வாய் உறிஞ்சுகிற பரிசேஷணத்துக்கு உள்ளங்கையில் ஜலம் எடுத்துக்கொண்டாகிவிட்டது. அப்போது வைத்தியநாதன் மாமா எழுந்து கை கூப்பினார். “எல்லாரும் ஒரு நிமிஷம். நீங்க சாப்பிடப் போறது வெறும் வெந்நீர் இல்லே. கங்கா தீர்த்தம். ஸ்நானம் பண்ணிட்டு வரச்சே ஒரு சொம்பு கொண்டுவந்து என் கையால டிரம்முல விட்டிருக்கேன். துணி வழியாத்தான் விட்டேன், வடிகட்டி.” முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். நாலு பேர் “பேஷ்” என்றார்கள்.

“யாரும் குடிக்காதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் சத்திரத்துப் புறா எல்லாம் பறந்தது. உள்ளங்கைகள் அப்படியே நின்றன. நான் சாரதா மாமியைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போட்டுக்கொள்கிற வழக்கம் அவருக்கு. அரை டம்ளர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. டிரம்மைக் கொட்டு என்று ஏழுமலையிடம் சொன்னேன். உடனே பந்தி முழுக்க ஒரே குரல், கங்கையைச் சாக்கடையில் கொட்டுவதா என்று. குடிக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. மறுபடி கொதிக்க வைக்கலாம் என்றால், சமையல்காரர் மணி, கங்கையை அடுப்பில் ஏற்றுகிற பாவத்துக்கு நான் ஆளில்லை என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமாவின் பழைய கேள்வி என் முன்னால் வந்து நின்றது.

எனக்கும் அப்போது ஒரு பதில் தோன்றியது. “கங்கை கங்கைக்கே போகட்டும். விட்டவரே ஒரு பக்கம் பிடிக்கட்டும்” என்றேன். டம்ளர் தண்ணீர் எல்லாம் டிரம்முக்குத் திரும்பியது. ஒரு கைப்பிடியில் ஏழுமலை, இன்னொன்றில் பஞ்சகச்சத்தோடு மாமா. அத்தனை படிகளும் இறங்கி, ஆற்றில் விட்டுவிட்டு ஏறி வந்தார்கள். சாதம் ஆறிப்போனது. புதுத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபோது மாமா தூணில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்: “புண்ணியம் எல்லாருக்கும் போகட்டும்னுதான் பண்ணினேன். இவ்வளவு கனமா இருக்கும்னு நினைக்கலே.”

டம்ளருக்கு மேல் டம்ளர்

அதற்கப்புறம் சாரதா மாமியின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. மாமி சிரித்துக்கொண்டே காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பிடாத சாமியில்லை. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கயாவுக்குக் கிளம்ப இருந்த நாளன்று காலை, மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருக்கு நிக்கவே மாட்டேங்கறது” என்றார். ஒவ்வொரு ஸ்நானத்திலும் மாமா கை கையாக அள்ளிக் குடித்திருக்கிறார். வயிறு போவதையும் எங்களிடம் மறைத்திருக்கிறார்.

காலராவாக இருந்தால் மனுஷன் மாலைக்குள் போய்விடுவார், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்கிற மாமிக்கும் தொற்றிக்கொள்ளும். பயணத்தை ஒரு நாள் தள்ளினேன். தெருக்கோடி டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டு, காலரா மாதிரித் தெரியவில்லை, உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டியில் உப்புச் சர்க்கரைப் பொடிப் பாக்கெட் தயாராக வைத்திருந்தேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, மாமா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, டம்ளருக்கு மேல் டம்ளராகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாமியை ஒவ்வொரு தடவையும் அவருடைய சோப்பு வில்லையால் கை கழுவ வைத்தேன். பொழுது சாய்வதற்குள் மாமா ரசம் சாதம் கேட்டார். நான் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாரதா மாமி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்: “கல்யாணம் ஆன நாளா நான் சொல்லி இவர் ஒரு வாய் வெந்நீர் குடிச்சதில்லே. நீ நீட்டற டம்ளரை எல்லாம் வாங்கிக்கறாரே, உன்கிட்ட அப்படி என்ன பயமோ!”

கயாவில் விட்டது

கயாவில் சிராத்தம் முடிந்ததும் ஆலமரத்தடியில் ஆளுக்கு ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும். சிராத்தம் பண்ணி வைத்த வாத்தியார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நம்மவர்கள் விவரமானவர்கள். வாழ்நாளில் தொடாத காயையும் மெட்ராஸில் கிடைக்காத பழத்தையும் விட்டார்கள். பத்மா மாமி விட்ட பழத்தின் பெயரை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை.

மாமாவின் முறை வந்தது. இன்னும் சோர்வு தீராமல், மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பச்சை ஜலம்” என்றார். வாத்தியாருக்குப் புரியவில்லை. காய், பழம், இலைதான் சம்பிரதாயம், ஜலத்தை விடுவதாக யாரும் சொன்னதில்லையே என்றார். மாமா விடவில்லை: “கத்திரிக்காய் எனக்கு என்ன கெடுதல் பண்ணித்து? அதை எதுக்கு விடணும்? என்னைப் படுத்தினது கொதிக்காத ஜலம். அதை விட்டேன்னு சங்கல்பம் பண்ணி வெய்யுங்கோ.”

சென்ட்ரல்

திரும்பி வந்தபோது டாக்டர் பிள்ளை சென்ட்ரலில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டு ஓடி வந்தார். சாரதா மாமி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். அதைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. பிள்ளை அங்கேயே அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். பிறகு பின்னால் இறங்கின அப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டு, “அம்மா நன்னா இருக்கா. அப்பா ஏன் துரும்பா இளைச்சுட்டார்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பதில் சொல்லிவிட்டார்: “கயாவுல உங்கப்பா பிடிவாதத்தை விட்டுட்டார்டா. பாதி கனம் அதுதானே!”

இருந்தாலும் காமாலை மெதுவாகத்தான் தலை காட்டும் என்பதால் நான் இன்னும் சில வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் ஒரு நாள் டாக்டர் தி.நகர் ஆபீஸ் வாசலில் நின்று எங்கள் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேஜைக்குப் பின்னால் சுருங்கிப்போனார். டாக்டர் படியேறி வந்தார். அம்மாவுக்கு எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்றார். போகிற போக்கில் சொன்னது இது: “போர்டு கோணலாத் தொங்கறது, நேரா மாட்டச் சொல்லுங்கோ. அடுத்த டூர்ல ரெண்டு சீட் வேணும், என் மாமனார் மாமியாருக்கு.”

மறுபடியும் குளக்கரை

மறு வருஷம் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. ஊரே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அலைந்தது. கொதிக்க வைத்த தண்ணீருக்குப் பிளேக் பயப்படாது என்று எனக்குத் தெரியும். ஐப்பசி டூரை நானே நிறுத்தினேன். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை வாங்கி முழுங்காதீர்கள், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், அடங்கட்டும், தையில் போகலாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். அடங்கியது. தையில் அதே ஹாலில் கூட்டம் போட்டால் உட்கார நாற்காலி போதவில்லை. வெந்நீர் வசந்தா டூர் என்று கேட்டு வந்திருந்தார்கள். முதலாளி வைத்த பேர் அதில்லை, ஜனங்கள் வைத்தது.

நான் சட்டமெல்லாம் சொல்லி முடித்ததும் கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு புதியவர் எழுந்து, நக்கலாக, “கங்கையையும் கொதிக்க வெப்பீங்களா மேடம்?” என்றார். எனக்கு முந்திக்கொண்டு முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். வைத்தியநாதன் மாமா. டூருக்கு வரவில்லை, கூட்டத்துக்கு மட்டும் அழைக்காமலே வந்திருந்தார். தோளில் வெந்நீர் பிளாஸ்க். பக்கத்தில் சாரதா மாமி, கன்னத்தில் சதை போட்டு, கிண்ணென்று. மாமா அந்தப் புதியவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கொதிக்க வெக்க மாட்டா சார். டிரம்மோட தூக்கிண்டு போய்க் கங்கையிலயே விட்டுட்டு வரச் சொல்லுவா. ஒரு பக்கம் நீங்கதான் பிடிக்கணும், படி ஜாஸ்தி, இப்பவே யோசிச்சுக்கோங்கோ.”

காசிக்கு நான் கூட்டிப் போனவர்களுக்கெல்லாம் புண்ணியம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது; கூட்டிப் போனவர்கள் அத்தனை பேரும் அவரவர் காலில் நடந்து வீடு திரும்பினார்கள் என்பது தெரியும் என்பதால், ‘வெந்நீர் வசந்தா’ என்பதை யாரையும் கேட்காமல் என் விசிட்டிங் கார்டில் நானே அச்சடித்துக்கொண்டேன்.